மார்கழியில் தேறியது, சித்திரையில் தோற்றது: ஒரு ஸ்டுடியோ கணினியின் ஓவர்கிளாக் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தருமபுரி நகரில், மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையில் இயங்கும் கல்யாண ஸ்டுடியோ அது. உரிமையாளர், ஓர் எடிட்டர், ஆல்பம் வடிவமைக்கும் ஒருவர் என மூன்று பேர். அவர்களிடம் இருந்த சிஸ்டம் நான்காம் தலைமுறை கோர் ஐ5. 1080பி வீடியோவைக் கூடத் திக்கித் திணறித்தான் ஓட்டியது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் புதிய சிஸ்டம் வாங்குவது, மென்பொருள் ஏற்றுவது, கேமரா சர்வீஸுக்கு விடுவது எல்லாம் அந்த மாதத்துக்குத்தான் தள்ளி வைக்கப்படும். இங்கேயும் அப்படித்தான். இந்த நிகழ்வில் பாதிக்குக் காரணம் அந்த வழக்கம். வேலை இல்லாத மாதமும் குளிரான மாதமும் ஒன்றாக வருகின்றன. வேலை குவியும் மாதமும் வெயில் கொளுத்தும் மாதமும் ஒன்றாக வருகின்றன.

உரிமையாளரின் நிபந்தனைகள் இரண்டு. தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் இல்லை. ப்ராசசர், போர்டு, ரேம் மூன்றும் குறைந்த விலையில் முடிய வேண்டும். எடிட்டர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: ஓவர்கிளாக் செய்ய, அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, முடிகிற ப்ராசசராக இருக்க வேண்டும்.

எதை வாங்குவது: ஒப்பீடு

டெக்னீஷியன் இரண்டு சிஸ்டங்களை இரண்டு நாள் ஸ்டுடியோவிலேயே வைத்து ஓட்டிப் பார்த்தார். ஒன்று எச்610 போர்டில் இன்டெல் கோர் ஐ3-12100: நான்கு கோர், எட்டு த்ரெட், அதிகபட்சம் 4.3 கிகாஹெர்ட்ஸ், 12 எம்பி எல்3 கேஷ், யுஎச்டி 730 கிராபிக்ஸ். மற்றொன்று பி450 போர்டில் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி: ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், அதிகபட்சம் 4.4 கிகாஹெர்ட்ஸ், 16 எம்பி எல்3 கேஷ், வேகா 7 கிராபிக்ஸ். இரண்டிலும் 8 ஜிபி ரேம் இரண்டு, இரட்டைச் சேனலில், டிடிஆர்4-3200 வேகத்தில். இந்த வகை ஒப்பீட்டில் ரேமை ஒன்றில் ஒற்றை ஸ்டிக்காகவும் மற்றொன்றில் ஜோடியாகவும் போட்டால் முடிவே தலைகீழாகிவிடும். தனி கார்டு இல்லாத சிஸ்டத்தில் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் உறிஞ்சுகிறது.

ப்ராசசரின் வேகத்தை அளக்கும் சினிபென்ச் ஆர்23 சோதனையில் ஐ3 எல்லாக் கோரும் சேர்ந்து 8,310 புள்ளிகள், ஒற்றைக் கோரில் 1,655. 5600ஜி எல்லாக் கோரும் சேர்ந்து 10,880, ஒற்றைக் கோரில் 1,470. ஆல்பம் பக்கத்தைத் திறப்பது, லேயரை இழுப்பது, பிரஷ் போடுவது போன்ற வேலைகளில் ஐ3 சற்றுத் துடிப்பாக இருந்தது. அந்த வேலைகள் பெரும்பாலும் ஒரே கோரில் நடக்கின்றன. 32 நிமிட 1080பி, 50 ஃப்ரேம் கல்யாணத் தொகுப்பை மென்பொருள் வழியில் எச்.264 ஆக எக்ஸ்போர்ட் செய்ய ஐ3 எடுத்தது 34 நிமிடம் 50 நொடி. 5600ஜி எடுத்தது 27 நிமிடம் 10 நொடி.

அதே தொகுப்பை ஹார்டுவேர் என்கோடிங்கில் போட்டபோது ஐ3 10 நிமிடம் 50 நொடியிலும் 5600ஜி 11 நிமிடம் 40 நொடியிலும் முடித்தன. இந்த எண் நோட்டில் எழுதப்பட்டது, அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எக்ஸ்போர்ட்தான் ஸ்டுடியோவின் முக்கியக் கவலை என்றால், ப்ராசசருக்குள்ளேயே இருக்கும், வீடியோவைச் சுருக்கும் என்கோடர் அந்தக் கவலையைப் பாதிக்கு மேல் தீர்த்துவிடுகிறது. அப்போதே இதை எடுத்து வைத்துப் பேசியிருந்தால் ஓவர்கிளாக் என்ற பேச்சே எழுந்திருக்காது.

ஓவர்கிளாக் நிபந்தனையால் ஐ3 தானாக விலகியது. இன்டெலில் கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியைக் கூட்ட கே எழுத்துள்ள ப்ராசசரும் இசட் வரிசை போர்டும் வேண்டும். எச்610-இல் ரேம் வேகத்தைக் கூட 3200-க்கு மேல் ஏற்ற முடியாது. ஏஎம்டி பக்கம் ரைசன் ப்ராசசர்களின் பெருக்கி திறந்தே இருக்கிறது. போர்டுதான் தடுக்கும்: ஏ320, ஏ520 சிப்செட்டில் ப்ராசசர் ஓவர்கிளாக் கிடையாது, பி450, பி550-இல் உண்டு. ரைசன் 5 5500 விலை குறைவாக இருந்தது. ஆனால் அது 5600ஜி-யின் அதே சில்லில் (சிப்பில்) கிராபிக்ஸை அணைத்துவிட்டு வருவது. கார்டு இல்லாமல் திரை வராது. 32 எம்பி கேஷ் உள்ள 5600-க்கும் அதே சிக்கல். ஆகவே 5600ஜி முடிவானது.

போர்டு நான்கு ஃபேஸ் கொண்ட பி450, விஆர்எம் (ப்ராசசருக்கு வேண்டிய மின்னழுத்தத்தைத் தரும் போர்டுப் பகுதி) மேல் ஹீட்சிங்க் இல்லாதது. பழைய பயாஸுடன் (போர்டின் அடிப்படை மென்பொருள்) வரும் பி450 போர்டில் 5000 வரிசையைப் பொருத்தினால் விசிறி சுற்றும், திரை வராது. டெக்னீஷியன் முதலில் பழைய ப்ராசசர் ஒன்றைப் போட்டு பயாஸைப் புதுப்பித்த பிறகே 5600ஜி-யைப் பொருத்தினார். கூலருக்கு, பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த்துக்குப் பதில் இரண்டு ஹீட்பைப்பும் 120 மிமீ விசிறியும் கொண்ட டவர் கூலர். இந்த மாற்றம் பிறகு முக்கியமாகிறது.

மார்கழி: ஓவர்கிளாக்

எடிட்டரின் விருப்பப்படி டெக்னீஷியன் மூன்று இடத்தில் கை வைத்தார்.

முதலாவது, ப்ராசசர். எல்லாக் கோரையும் 4.5 கிகாஹெர்ட்ஸில், 1.325 வோல்ட்டில் நிலையாக நிறுத்தினார். இயல்பு நிலையில் 65 வாட் ரைசனுக்கு மொத்த மின் எல்லை 88 வாட், நீடித்த மின்னோட்ட எல்லை 60 ஆம்பியர், உச்ச மின்னோட்ட எல்லை 90 ஆம்பியர். கைமுறை ஓவர்கிளாக்கில் இந்த வேலிகள் நீங்கிவிடுகின்றன. எல்லாக் கோர் வேலையில் சுமார் 78 வாட் எடுத்த ப்ராசசர் 100 வாட் எடுத்தது.

இரண்டாவது, உள் கிராபிக்ஸ். 1,900 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2,200-க்கு.

மூன்றாவதுதான் பிறகு சேதம் செய்தது. 3200 வேகத்துக்கு, சிஎல்16, 1.35 வோல்ட் என்று விற்கப்பட்ட ரேம் 3800-க்கு ஏற்றப்பட்டது. ப்ராசசருக்குள் கோர்களையும் ரேம் கட்டுப்பாட்டையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1,900 மெகாஹெர்ட்ஸில் ரேமுடன் ஒன்றுக்கு ஒன்று ஓடும்படி அமைக்கப்பட்டது. 5600ஜி ஒரே சில்லாக வருவதால் அந்த வேகத்தை ஃபேப்ரிக் எளிதாகத் தாங்கும். ரேம் வோல்டேஜ் 1.42. இதோடு நின்றிருந்தாலும் ஓரளவு சமாளித்திருக்கலாம். டெக்னீஷியன், ரேமின் உள் வேலைகளுக்கான நேர அளவுகளான துணை டைமிங்கிலும் இறங்கினார். டிஆர்எஃப்சி 500, டிரெஃபி 32,768.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் விளக்க வேண்டும். ரேமின் ஒவ்வொரு செல்லும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். மறைவதற்குள் படித்துத் திரும்ப எழுத வேண்டும். அந்தப் புதுப்பிப்புக்கு ஒதுக்கும் நேரம் டிஆர்எஃப்சி, இரண்டு புதுப்பிப்புகளுக்கு இடையேயான இடைவெளி டிரெஃபி. 8 ஜிகாபிட் டிடிஆர்4 சிப்புக்குத் தர அளவு 350 நானோநொடி. 1,900 மெகாஹெர்ட்ஸில் அது 665 கடிகாரச் சுற்று. 500 என்று வைத்ததால் 263 நானோநொடியாகச் சுருங்கியது. இடைவெளியின் தர அளவு 7.8 மைக்ரோநொடி, அதாவது 14,820 சுற்று. 32,768 என்றால் 17 மைக்ரோநொடிக்கு மேல். அதாவது, புதுப்பிப்பு இருமடங்குக்கு மேல் தாமதமாக வருகிறது, வந்தபின் தங்கும் நேரமும் குறைவு. வெப்பம் கூடக்கூட கசிவு கூடும். அதனால்தான் டிடிஆர்4 தரநிலையே 85 டிகிரிக்கு மேல் இடைவெளியைப் பாதியாக, 3.9 மைக்ரோநொடியாகக் குறைக்கச் சொல்கிறது. இந்த சிஸ்டம் அதற்கு நேர் எதிர்த் திசையில் அமைக்கப்பட்டது.

சோதனை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது. அறை வெப்பம் 19 டிகிரி. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டு மேஜைமேல் இருந்தது. சினிபென்ச் அரை மணி நேரம் ஓடியது. ப்ராசசர் 66 டிகிரி, புள்ளி 11,690. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 விடியும் வரை நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தது. எக்ஸ்போர்ட் நேரம் 25 நிமிடம் 20 நொடி. 27:10-லிருந்து 25:20, ஒரு நிமிடம் 50 நொடி மிச்சம். நாளுக்கு இரண்டு எக்ஸ்போர்ட் என்றால் நான்கு நிமிடம் கூட இல்லை. எடிட்டர் மகிழ்ந்தார், சிஸ்டம் ஒப்படைக்கப்பட்டது.

தை முதல் பங்குனி வரை

தையிலும் மாசியிலும் ஒரு குறையும் இல்லை. இடையில் இரண்டு மாற்றங்கள் நடந்தன, இரண்டும் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. தூசிக்குப் பயந்து பக்கவாட்டுத் தகடு மூடப்பட்டது. இடம் போதாமல் கேபினெட், மேஜையின் அடியில் இருக்கும் மரப்பெட்டிக்குள் வைக்கப்பட்டது. அந்தப் பெட்டிக்கு முன்பக்கம் மட்டுமே திறப்பு. பங்குனி பாதியில் எடிட்டர் முதன்முதலாக, எக்ஸ்போர்ட் நடுவில் சில நொடிகள் திரை உறைந்து மீண்டு வருவதாகச் சொன்னார். மென்பொருளைப் புதுப்பித்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறந்தார்கள். அந்த இரண்டு நாளும் மாலையில் மழை பெய்திருந்தது.

சித்திரை: அறிகுறிகள்

கத்திரி தொடங்குவதற்கு முந்தைய வாரம். அடுத்தடுத்து முகூர்த்தங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து நான்குக்குள் சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது, சில நாள் இரண்டு முறை. எக்ஸ்போர்ட்டான ஒரு வீடியோவில் பச்சைக் கட்டங்கள் தெரிந்தன. லேபுக்கு அனுப்பிய ஆல்பத்தின் இரண்டு தாள்களில் நடுவிலிருந்து கீழ்வரை சாம்பல் பட்டை விழுந்து அச்சாகி வந்தது. லேப் மீது சந்தேகப்பட்டு ஒரு நாள் போனது. அவர்கள் பெற்ற கோப்பையே திறந்து காட்டியபோது பட்டை அதிலேயே இருந்தது.

இவை எல்லாம் திரும்பச் செய்யக்கூடியவை. திரும்பச் செய்ய முடியாதது அதே வாரம் நடந்தது. இரவு நடந்த நலங்கிலும் மறுநாள் காலை முகூர்த்தத்திலும் எடுத்த 2,140 படங்கள் மதியம் இரண்டு மணிக்குக் கார்டிலிருந்து சிஸ்டத்துக்கு நகலெடுக்கப்பட்டன. எண்ணிக்கை சரியாக இருந்தது, கோப்பளவும் சரியாக இருந்தது. மாலை வரவேற்புக்குக் கார்டுகள் வேண்டியிருந்ததால் ஃபார்மேட் செய்யப்பட்டன. மூன்று நாள் கழித்துப் படம் தேர்வு செய்யும்போது 11 படங்கள் சிதைந்திருப்பது தெரிந்தது.

தவறிய ஊகங்கள்

முதல் பழி யுபிஎஸ் மீது விழுந்தது. கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது இங்கே பழகிய விஷயம். 600 விஏ யுபிஎஸ்ஸைக் கழற்றிப் புதியது போட்டார்கள்; ரீஸ்டார்ட் நிற்கவில்லை. பிறகு விண்டோஸ் மறுபடி ஏற்றப்பட்டது. ஏற்றியது இரவில், அன்றிரவு முழுக்க நன்றாக ஓடியது, மறுநாள் மதியம் மீண்டும் விழுந்தது. மூன்றாவதாக எஸ்எஸ்டி மீது சந்தேகம். அதன் ஆரோக்கிய அளவு சரியாகவே இருந்தது.

மூன்று ஊகத்துக்கும் பொதுவாக ஒரு குறை: எந்த நேரத்தில் விழுகிறது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் மதியம் என்ற ஒற்றை வார்த்தை கண்ணில் பட்டிருக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்து பார்க்காததும் தவறு. அதில் வீயா-லாகர் பெயரில் எண் 18 கொண்ட பிழைகள் தேதி, நிமிடத்தோடு வரிசையாக இருந்தன. ஹார்டுவேரே தன் தவற்றைப் பதிந்து வைத்திருந்த இடம் அது.

மதியம் மூன்று மணிச் சோதனை

இரண்டாவதாக அழைக்கப்பட்ட டெக்னீஷியன் வேறொருவர். அவர் சிஸ்டத்தைக் கடைக்கு எடுத்துப் போக மறுத்தார். "இங்கேதான் விழுது, இங்கேயே பார்க்கணும்ணா," என்று உரிமையாளரிடம் சொல்லி மதியம் மூன்று மணிக்கு வந்தார். கொண்டு வந்தவை: ஓர் அறை வெப்பமானி, ஓர் இன்ஃப்ராரெட் வெப்பமானி, மெம்டெஸ்ட்86 உள்ள பென்டிரைவ்.

அறை 40 டிகிரி. மரப்பெட்டிக்குள், கேபினெட் காற்றை இழுக்கும் இடத்தில் 46. சினிபென்ச் ஓட்டிய எட்டாவது நிமிடத்தில் ப்ராசசர் 93. இந்தச் சில்லின் எல்லை 95. விஆர்எம் பகுதி 106. வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில், வெளியிலிருந்து வரும் ப்ராக்ஹாட் (அதிகச் சூடு) சமிக்ஞை "ஆம்" என்று மாறியது. கடிகார வேகம் 4,500-லிருந்து 550 மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்து, சில நொடியில் மீண்டது. எடிட்டர் பங்குனியில் பார்த்த உறைதல் இதுதான். ப்ராசசர் தன்னைத்தானே தடுக்கவில்லை. போர்டு, தன் விஆர்எம் சூட்டைத் தாங்காமல் ப்ராசசரின் கழுத்தைப் பிடித்தது.

ரேம் ஸ்டிக்கின் மேற்பரப்பு 58 டிகிரி. மெம்டெஸ்ட்86 முதல் சுற்றிலேயே 14 பிழை காட்டியது. இரவு பதினொன்றுக்கு அதே ஸ்டிக், அதே அமைப்பு, கேபினெட்டை வெளியே எடுத்துத் தகடு திறந்து ஓட்டினால் இரண்டு சுற்றில் ஒரு பிழை கூட இல்லை. பிறகு டிஆர்எஃப்சியையும் டிரெஃபியையும் மட்டும் தானியங்கி நிலைக்கு மாற்றி, மறுநாள் மதியம் பெட்டிக்குள்ளேயே வைத்து ஓட்டினார். பிழை பதினான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்றும் 3800-லிருந்து 3200-க்கு இறக்கியபின் போயிற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் எது எவ்வளவு காரணம் என்று பிரித்தறிய முடிந்தது.

காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்த விதம்

ஒரு சிப்பின் வெப்பம் கூடினால் அதே வோல்ட்டில், அதே வேகத்தில் அது சரியாகக் கணக்கிடுவதற்கான இடைவெளி குறுகுகிறது. 66 டிகிரியில் 1.325 வோல்ட் 4.5 கிகாஹெர்ட்ஸுக்குப் போதுமானதாக இருந்தது, 93-இல் போதவில்லை. மார்கழிச் சோதனை பொய் இல்லை. அது 19 டிகிரி அறைக்கும் திறந்த தகட்டுக்கும் மட்டும் செல்லும் சான்று.

கூலர் விஷயம் பலருக்கும் தெரியாமலே போகிறது. பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் காற்றை மேலிருந்து போர்டை நோக்கி ஊதும். அந்தக் காற்று ஹீட்சிங்க்கைக் கடந்து பக்கவாட்டில் பரவி, விஆர்எம்மையும் ரேமையும் தொட்டுவிட்டுத்தான் போகும். டவர் கூலர் காற்றைப் போர்டுக்கு இணையாகப் பின்பக்கம் தள்ளுகிறது. ப்ராசசர் நன்றாகக் குளிர்கிறது, ஹீட்சிங்க் இல்லாத விஆர்எம்முக்குக் கிடைத்த கொஞ்சக் காற்றும் நின்றுபோகிறது. மலிவு போர்டில் டவர் கூலர் போட்டு வாட்டையும் கூட்டினால், ப்ராசசரைப் பார்த்து நிம்மதி அடைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் விஆர்எம் வெந்துகொண்டிருக்கும்.

படங்கள் சிதைந்தது எப்படி? கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால், புரண்ட பிட்டே சரியான தரவு என்று எஸ்எஸ்டியில் எழுதப்படும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ், கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்பு எண் எதுவும் வைப்பதில்லை. அளவு மாறாது, பெயர் மாறாது, எச்சரிக்கை வராது. ஜேபெக்கில் தரவு மாறும் நீளமுள்ள குறிகளாகச் சங்கிலி போல் கோக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிட் தவறினால் அதற்குப் பின் வரும் குறிகள் எங்கே தொடங்குகின்றன என்பதே தவறிப்போகும். அதனால்தான் படத்தின் மேல்பகுதி நன்றாகவும் ஓரிடத்திலிருந்து கீழே முழுக்கச் சாம்பலாகவும் நிறம் மாறியும் வந்தது. வீடியோவில் சேதம் அடுத்த முழு ஃப்ரேம் வரும்வரை நீள்கிறது. பச்சைக் கட்டங்கள் அரை நொடி வந்து மறைந்தது அதனால்.

ரீஸ்டார்ட் ஆகும் சிஸ்டம் தொல்லை தருகிறது, ஆனால் தன் நோயைச் சொல்லிவிடுகிறது. ஓடிக்கொண்டே ஒரு பிட்டை மாற்றும் சிஸ்டம் அதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. ஓவர்கிளாக்கில் ப்ராசசருக்குக் காட்டும் துணிச்சலை ரேமிடம் காட்டக்கூடாது என்பதற்கு இந்த 11 படங்களே காரணம்.

எடுத்த முடிவுகள்

ப்ராசசரின் கைமுறை வேகமும் வோல்ட்டும் நீக்கப்பட்டு, இயல்பு 88 வாட் எல்லை திரும்ப வைக்கப்பட்டது. உள் கிராபிக்ஸ் 1,900-க்குத் திரும்பியது. ரேம், விற்கப்பட்டபோது சொன்ன அளவான எக்ஸ்எம்பி 3200, 1.35 வோல்ட், துணை டைமிங் எல்லாம் தானியங்கி.

எடிட்டருக்கு ஓரளவேனும் வேகம் வேண்டும் என்பதால் கர்வ் ஆப்டிமைசர் வழி எடுக்கப்பட்டது. இது ஒவ்வொரு வேகத்துக்கும் ப்ராசசர் கேட்கும் வோல்ட்டைச் சற்றுக் குறைக்கிறது. ஓர் அலகு சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். அதே வாட் எல்லைக்குள் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும், சூடும் குறையும். வெயில் ஊருக்கு ஏற்ற ஓவர்கிளாக் இதுவே.

இதிலும் ஒரு பொறி உண்டு. முதலில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 20 வைத்தபோது சினிபென்ச் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் விழவில்லை. ஆனால் இரவில் சும்மா இருந்த சிஸ்டம் காலையில் ரீஸ்டார்ட் ஆகிக் கிடந்தது. முழுச் சுமையில் எல்லாக் கோரும் வேகம் குறைந்து ஓடுவதால் தாக்குப் பிடிக்கும். லேசான வேலையில் ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் வோல்ட் பற்றாமல் போகும். ஆகவே கோர்சைக்ளர் என்ற சோதனை மென்பொருளில் ஒரு கோருக்கு ஒரு மணி நேரம் என்று இரவு முழுக்கத் தனித்தனியாகச் சோதித்தார். இரண்டு கோர்கள் மைனஸ் 5-இல்தான் நிலைத்தன, மற்ற நான்கும் மைனஸ் 15-இல். இறுதியாக ஒவ்வொன்றையும் ஐந்து அலகு பின்னுக்கு இழுத்து, அந்த இரண்டுக்கும் 0, மற்றவற்றுக்கு மைனஸ் 10 என்று வைத்தார். எல்லையில் நிறுத்தாமல் பின்வாங்கிய அந்த ஐந்து அலகுதான் கோடைக்கான கையிருப்பு.

கேபினெட் மரப்பெட்டியிலிருந்து வெளியே வந்தது. முன்பக்கம் உள்ளே இழுக்க ஒரு 120 மிமீ விசிறி சேர்க்கப்பட்டது. விஆர்எம்முக்கு நேராக, கேபினெட்டின் மேல்பகுதியில் இன்னொரு சிறு விசிறி போர்டை நோக்கி ஊதும்படி கட்டப்பட்டது.

பின்விளைவு

மறு மதியம், அறை 40 டிகிரியில்: ப்ராசசர் 77, விஆர்எம் 81, ரேம் மேற்பரப்பு 47. மெம்டெஸ்ட்86 காலை பதினொன்றுக்குத் தொடங்கி மாலைக்குள் நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தது. சினிபென்ச் 11,150. அதே 32 நிமிடத் தொகுப்பு 26 நிமிடம் 30 நொடி. 4.5 கிகாஹெர்ட்ஸை விட 70 நொடி கூடுதல்.

அந்த 70 நொடி பெரிதாகத் தெரியவில்லை. அன்றே எக்ஸ்போர்ட் அமைப்பில் ஹார்டுவேர் என்கோடிங் இயக்கப்பட்டு, வாடிக்கையாளர் பார்வைக்கு அனுப்பும் பிரதிகள் 12 நிமிடத்துக்குள் முடியத் தொடங்கின. கடைசியாகக் கையில் கொடுக்கும் பிரதிக்கு மட்டும் மென்பொருள் என்கோடிங். ஒரே பிட்ரேட்டில் அதன் தரம் மேலானது. மார்கழியில் நோட்டில் எழுதி மூடிய எண் நான்கு மாதம் கழித்துப் பயன்பட்டது.

சிதைந்த 11 படங்களில் ஆறு, கார்டிலிருந்து மீட்கப்பட்டன. விரைவு ஃபார்மேட் கோப்புப் பட்டியலை மட்டுமே அழிக்கிறது. வரவேற்புப் படங்கள் எழுதப்படாத இடத்தில் பழைய தரவு அப்படியே இருந்தது. மீட்புக்கு வேறொரு லேப்டாப் பயன்பட்டது. மீதி ஐந்தில் நான்குக்கு இரண்டாவது கேமராவில் அதே கணம் இருந்தது. ஒன்றுக்கு இல்லை: நலங்கில் மணப்பெண்ணுக்குப் பாட்டி மஞ்சள் பூசும் படம். சேதம் படத்தின் கீழ்ப் பகுதியில்தான் தொடங்கியிருந்தது. பாட்டியின் முகமும் கையும் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்ததால் அகலவாக்கில் வெட்டி ஆல்பத்தில் வைத்தார்கள். உரிமையாளர் மணப்பெண் வீட்டுக்கு நேரில் போய் நடந்ததைச் சொன்னார். பட்டை விழுந்த மற்றொரு ஆல்பத்தின் இரண்டு தாள்களும் ஸ்டுடியோ செலவில் மறுபடி அச்சாயின. வைகாசி, ஆனி முகூர்த்தங்கள் ரீஸ்டார்ட் இல்லாமல் கழிந்தன.

மாற்றப்பட்டவை, மாற்றப்பட வேண்டியவை

அன்றிலிருந்து கார்டை ஃபார்மேட் செய்ய விதி ஒன்று வந்தது. படங்கள் முதலில் லேப்டாப்பில் நகலாகும், பிறகு தனியாக எடிட்டிங் சிஸ்டத்தில் நகலாகும், இரண்டு நகல்களின் ஹாஷ் எண்ணும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒத்துப் போனால்தான் ஃபார்மேட். ஒரே சிஸ்டத்தில் நகலெடுத்து அதிலேயே சரிபார்ப்பதால் முழுப் பயன் இல்லை. படிக்கும்போதே ரேமில் பிட் புரண்டிருந்தால், புரண்ட தரவிலிருந்தே ஹாஷும் கணக்கிடப்பட்டு, தவறும் தவறும் ஒத்துப்போகும். இரண்டு சிஸ்டம் தேவைப்படுவது அதனால்தான். இதற்கு ஆகும் கூடுதல் நேரம் ஒரு கல்யாணத்துக்கு இருபது நிமிடம்.

ப்ராசசர் தேர்வைப் பொறுத்தவரை 5600ஜி தவறான தேர்வு இல்லை. இயல்பு நிலையிலேயே ஐ3-ஐ விட மென்பொருள் எக்ஸ்போர்ட்டில் ஏழரை நிமிடம் மிச்சப்படுத்தியது. ஓவர்கிளாக் கூடுதலாகத் தந்தது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அடுத்த தரத்துக்குப் போவதற்கும் இருக்கும் ப்ராசசரை முறுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு எண்ணில் இருக்கிறது. டவர் கூலருக்குப் போன பணம், விஆர்எம் ஹீட்சிங்க் உள்ள போர்டுக்குப் போயிருக்கலாம். பிட் பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேமை எண்ணிப் பார்த்தார்கள். சாதாரண 5600ஜி-யில் அந்த வசதி இல்லை, ப்ரோ வகையில் மட்டுமே உண்டு. அடுத்த சிஸ்டம் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியாக அதைக் குறித்துக்கொண்டார்கள்.

சோதனைக்கான நேரமும் மாறியது. மார்கழியில் எதை அமைத்தாலும் அது தற்காலிகம். பங்குனிக் கடைசியில், மதியம் இரண்டு மணிக்கு, தகடு மூடி, சிஸ்டம் வழக்கமாக இருக்கும் இடத்திலேயே வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே அது நிலையான அமைப்பு. மார்கழியிலேயே முடிவு தெரிய வேண்டுமானால் கேபினெட்டை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, உள்ளே இழுக்கும் காற்று 45 டிகிரியைத் தொடும் வரை சூடேற விட்டு, பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்டு ஓட்டலாம்.

கேபினெட்டின் பக்கத் தகட்டில் இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கோரின் அலகு, ரேம் வேகம், சோதித்த தேதி, அப்போதைய அறை வெப்பம் எல்லாம் பேனாவால் எழுதியிருக்கிறது. பயாஸில் சேமித்து வைத்திருந்த 4.5 கிகாஹெர்ட்ஸ் ப்ரொஃபைலை அடுத்த மார்கழியில் யாராவது ஏற்றிப் பார்க்கக்கூடும் என்று, டெக்னீஷியன் கிளம்பும் முன் அதை அழித்துவிட்டார்.